பயிற்சிக்கு ஓர் ஆள்

நூற்பாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி நடந்தது. சாக நினைக்கிற தொழிலாளியிடம் எப்படிப் பேசித் தடுப்பது என்று. அந்தத் தொழிலாளியாக நடிக்க ஒருவரும் வரவில்லை. "குடும்பம் குட்டி இருக்குதுங்க சார், அபசகுனம்" என்று நழுவினார்கள். கடைசியில், டீ கொண்டுவந்த பாவாத்தாளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

"யார் கேட்டாலும் 'இல்லைங்க'ன்னு சொல்லுங்கக்கா, அது போதும்" என்றார் பயிற்சியாளர் ஜெயசீலன்.

கேட்கிறவர்களுக்கு இரண்டே விதி. கண்ணைப் பார்க்க வேண்டும். சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும்.

"செத்துப்போயிடலாம்னு தோணுதாக்கா?"

முதல் ஆள் சிரித்துவிட்டான். இரண்டாமவன் கூரையைப் பார்த்துக் கேட்டான். ஜெயசீலன் விடவில்லை, அவர்களைத் திரும்பத் திரும்பக் கேட்க வைத்தார். பதினேழு பேரும் கேட்டு முடித்தபோது அந்தக் கேள்வி யாருக்கும் கூசவில்லை. பாவாத்தாள் எல்லோருக்கும் 'இல்லைங்க' என்றாள். கேனில் டீ ஆறிப்போயிருந்தது.

சங்கு ஊதியதும் எல்லோரும் ஷிப்டுக்கு ஓடினார்கள். ஜெயசீலன் நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே வந்தார். ஒன்றுதான் மீதி.

"முடிஞ்சுதுக்கா, எந்திரிங்க."

பாவாத்தாள் எழவில்லை. மடியிலிருந்த துடைக்கிற துணியை நான்காக மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

"இன்னொருக்கா கேளுங்க சார்" என்றாள். "இந்தத் தடவ நானா சொல்றேன்."

ஜெயசீலன் மடக்கிய நாற்காலி ஒன்றை விரித்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். அவர் பார்வை கூரைக்குப் போயிற்று.