அளவு கொடுக்காத கஸ்டமர்

"உங்க தொழில்ல பெரிய பிரச்சினை என்னன்னு சொல்லுங்கப்பா."

"பிரச்சினையா? ஒண்ணும் இல்லையே. நீ சாப்பிட்டியா? இளைச்சுட்டியா என்ன?"

"அப்பா, இது ரெக்கார்ட் ஆகுது. மேடம் போட்டுக் கேப்பாங்க. இப்ப நான் உங்க பையன் இல்ல, சிஸ்டம் அனலிஸ்ட். நீங்க கிளையன்ட்."

"சரிங்க சார். சாப்பிட்டீங்களா?"

பக்கத்துக் கட்டிலில் போர்வை குலுங்கியது. உள்ளே அறைத்தோழன். அவனுக்கு 'சர்வர்' என்று பட்டப்பெயர். கல்லூரி சர்வர் மாதிரியே அவசர நேரத்தில்தான் படுத்துவிடுவான்.

மாணவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கடல் தாண்டி வந்து இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் முதுகலை படிக்கிறான். நிஜமான ஒரு வியாபாரியைப் பேட்டி எடுத்து, அவருக்கு என்ன மென்பொருள் வேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டும். போன முறை ஒரு மளிகைக் கடைக்காரரைக் கற்பனையில் உருவாக்கினான். பாடம் நடத்தும் மேடம் அவருடைய ஃபோன் நம்பரைக் கேட்டார். கடைக்காரரை அன்றே சாகடிக்க வேண்டியதாயிற்று. இந்த முறையும் சொதப்பினால் பாடத்தை மறுபடி படிக்க வேண்டும். வீடு திரும்புவது இன்னும் ஒரு செமஸ்டர் தள்ளிப்போகும்.

ஃபோன் திரையில் அப்பாவின் நெற்றியும் தையல் கடையின் மின்விசிறியும் தெரிந்தன. மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் அவன் சிறுவயதில் தூங்கிப் பழகினான். அடுத்த கேள்வி மறந்துபோய், கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா, லைன் கட்டாயிடுச்சா?"

"இல்லப்பா. யோசிச்சுச் சொல்லுங்க, ஏதாவது ஒரு தொல்லை இருக்கும்ல?"

"ஒரு கஸ்டமர் இருக்காரு. அவரு ஒருத்தர்தான் தொல்லை."

மாணவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "என்ன பண்றாரு?"

"அளவு குடுக்க மாட்டேங்கிறாரு. துணி எடுத்து வெச்சு எவ்வளவோ நாளாச்சு. வெட்ட முடியல."

'ஏன் என்று கேட்டுக்கொண்டே இருங்கள்' என்பது மேடத்தின் கட்டளை. கேட்டான். "ஏன் குடுக்கல?"

"பிஸியாம். நான் ஆரம்பிச்சாலே பேச்சை மாத்திடுவாரு."

"பழைய அளவு இருக்கும்ல?"

"இருக்கு. ஆளு மாறியிருப்பாரே! ஒரு அளவுச் சட்டையாவது அனுப்பலாம். அதுவும் இல்ல."

போர்வையிலிருந்து ஒரு தலை நீண்டது. "அங்கிள், அந்தாளைக் கழட்டி விடுங்க!"

"அதான்ப்பா," என்றான் மாணவன் உற்சாகமாக. "சிஸ்டத்துல ஒரு பட்டன் வெச்சுடறேன். தட்டினா அந்த ஆளோட பேரே அழிஞ்சிடும்."

மெஷின் நின்றது.

"அழிச்சா திரும்பக் கிடைக்காதா?"

"கிடைக்காது. வேணும்னா அழிக்காம, 'வர்றதில்லை'ன்னு குறிச்சு வெக்கலாம்."

"அதுவும் வேணாம்." அப்பா எதையோ பல்லால் கடித்தார். நூலாக இருக்கும். "'வருவாரு'ன்னு போட முடியாதா?"

"போடலாம். ஆனா என்னிக்குன்னு தேதி குடுக்கணும். தேதி இல்லாம சிஸ்டம் ஏத்துக்காது."

"கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுடா உன் சிஸ்டத்தை."

மாணவனுக்கு மூளையில் பல்பு எரிந்தது. "அப்பா, அவரு கடைக்கு வரவே வேணாம்! இருந்த இடத்துலயே தன்னை அளந்து உங்களுக்கு அனுப்பற மாதிரி பண்ணிடறேன்."

"போடா. தையல் தெரியாத ஆளு தன்னைத்தானே எப்படி அளப்பான்?"

"நீங்க ஃபோன்ல சொல்லச் சொல்ல அளப்பான்."

"யாராவது அளந்து காட்டு. அப்புறம் நம்பறேன்."

கிளையன்ட்டே சோதனை கேட்கிறார்! அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. "டேய் சர்வர், எழுந்திரு. உன்னை அளக்கணும்."

"அந்தத் தம்பி படுத்திருக்கட்டும்," என்றார் அப்பா. "நீயே நில்லு."

அறையில் டேப் இல்லை. சார்ஜர் வயரால் அளந்து, அதை ஸ்கேலில் வைத்துப் பார்த்தார்கள். சர்வர் வரலாற்றிலேயே முதல் முறையாக நேரத்துக்கு எழுந்து வயரின் ஒரு முனையைப் பிடித்தான்.

"நிமிந்து நில்லு. மூச்சை இழுத்துப் பிடிக்காத, எனக்குத் தெரியும். இந்தத் தோள் எலும்புலேர்ந்து அந்த எலும்பு வரைக்கும்."

மாணவன் கையைத் தொங்கவிட்டு, தாடையைத் தூக்கி, அசையாமல் நின்றான். அப்படி நிற்க அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பாவின் விரல் தோளில் படாமல் அளவெடுப்பதுதான் புதிது.

"பதினாறரைப்பா."

"அவ்வளவுதானா?"

"ஆமா."

அப்பா மார்பு, கை நீளம், கழுத்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பிறகு மறுமுனையில் சாக்பீஸ் உரசும் சத்தம் கேட்டது.

"பாத்தீங்களா, சோதனை சக்சஸ்!" மாணவன் வயரைச் சுருட்டினான். "இனிமே நீங்க அந்த வீம்பு பிடிச்ச கஸ்டமரைக் கூப்பிட்டு, இதே மாதிரி அளவு வாங்கிட வேண்டியதுதான்."

ஃபோனில் கத்தரிக்கோல் துணியில் ஓடுகிற சத்தம் கேட்டது.

"வாங்கிட்டேன்டா," என்றார் அப்பா. "என்னிக்கு வருவாருங்கிற தேதியை மட்டும் நீயே போட்டுக்க."