குறையில்லாத திட்டம்

எறும்புப் படைக்குத் திட்டம் வகுத்துத் தருவது தலைமைத் தளபதியான கட்டெறும்பின் வேலை. ஓடைக்கு அக்கரையில் இருக்கும் புற்றைப் பிடிக்க வேண்டும் என்றாள் ராணி.

"மலையில் மழை பெய்கிறது, மகாராணி. வெள்ளம் வந்தால் ஒருவரும் திரும்ப மாட்டார்கள்," என்றது கட்டெறும்பு.

"போகலாமா என்று உம்மைக் கேட்கவில்லை. எப்படிப் போவது என்று சொல்லும்."

மறுத்தால் அந்தப் பதவிக்கு அவசரக்காரச் சிற்றெறும்பு வந்துவிடும். தான் வகுத்தால் பாதிப் பேராவது பிழைப்பார்கள் என்று நினைத்தது கட்டெறும்பு. சருகுகளைப் பாலமாகக் கோத்து, வரிசை குலையாமல் படையை இறக்கியது. எல்லோரும் நடு ஓடையில் இருந்தபோது வெள்ளம் வந்தது.

கரையில் தனியாக நின்ற கட்டெறும்பிடம் ராணி வந்தாள்.

"நல்ல திட்டம்தான். ஒருவர்கூடப் பின்தங்கவில்லையே," என்றாள். "அடுத்த படைக்கு முட்டையிட்டிருக்கிறேன். புதிதாக ஒன்று யோசியும்."

"ஆகட்டும், மகாராணி," என்றது கட்டெறும்பு, தண்ணீரைப் பார்க்காமல்.