ஏரியிலிருந்து ஒருவன்

"ஏங்க, அந்த ஆள் இன்னிக்கும் நம்ம வீட்டையே பார்த்துக்கிட்டு இருக்கான்."

ஆவடி பேக்டரியில் ஷிப்டு முடிந்து வந்த பக்தவத்சலம் சைக்கிளைக்கூட நிறுத்தாமல் திரும்பினார். அயனம்பாக்கம் ஏரியில் லாரி டியூப் மேல் உட்கார்ந்துகொண்டு, கண்ணை இடுக்கி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான் ஒருவன்.

"எத்தனை நாளா?"

"எப்பவும் ஒரு பார்வை பார்ப்பான். பொங்கலுக்கு அப்புறம் நாலு நாளா விடாம முறைக்கிறான். துணி காயப்போட மாடிக்குப் போக முடியலை" என்றாள் சுசீலா.

பக்தவத்சலத்துக்கு ரத்தம் கொதித்தது. கரைக்கு ஓடினார்.

"டேய், வாடா இங்க!"

அவன் கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து கரையேறியதும் கையை ஓங்கினார்.

"குடும்பம் இருக்கிற வீட்டை என்னடா முறைக்கிறே? வெட்கமா இல்லை?"

"எனக்கு இன்னாத்துக்கு வெக்கம்?" அவன் இவரைவிடச் சத்தமாகக் கத்தினான். "இந்த வரிசையில உன் ஊடு ஒண்ணுதான் பச்சையா இருந்துச்சு. அதையும் பின்னால கீற பனமரத்தையும் நேரா வச்சுப் பாத்துத்தான், ஏரிக்குள்ள வலை போட்ட எடத்தைக் கண்டுபுடிப்பேன். எட்டு வருசமா அதான் அடையாளம். இப்போ அல்லா ஊடும் வெள்ளையா கீது. நாலு நாளா என் வலை எங்க கீதுன்னே தெரியலை. யாரைக் கேட்டு சார் வெள்ளை அடிச்சே?"

ஓங்கிய கையின் நகக்கண்களில் இன்னும் வெள்ளை டிஸ்டெம்பர் ஒட்டியிருந்தது. பக்தவத்சலம் அதை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.