உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தவன்

எங்கள் கல்லூரியில் காலையில் ஆன்லைன் தேர்வு. தேர்வு மென்பொருள் லேப் சர்வரில் ஒரு கன்டெய்னருக்குள், அதாவது அதற்கென ஒதுக்கிய தனி அறை போன்ற ஒன்றுக்குள், ஓடிக்கொண்டிருந்தது.

"செல்லப்பாண்டி, அது உயிரோட இருக்கான்னு உள்ள போயிப் பாருப்பா" என்றார் சகாயராஜ் சார்.

செல்லப்பாண்டி கறுப்புத் திரையில் கட்டளை தட்டி உள்ளே போனான். "ஜம்முன்னு ஓடுது சார்!" கண்ட்ரோல் சி அமுக்கி வெளியே வந்தான்.

"சார், எக்ஸாம் போச்சு!" என்று, லாகின் பக்கத்தில் கேள்வி வரக் காத்திருந்த வகுப்பே கத்தியது.

சார் மறுபடி ஓடவிட்டார். "என்னன்னு திரும்பப் பாருப்பா."

பார்த்தான். ஓடியது. வெளியே வந்தான். போச்சு.

தேர்வு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. வகுப்பு விசிலடித்தபடி பேகம்பூருக்குப் பிரியாணி தின்னக் கிளம்பியது. பக்கத்தில் இருந்த நான்தான் அவனிடம் சொன்னேன்: "ஏலே, கண்ட்ரோல் சி அமுக்குனா நீ மட்டும் வெளிய வர மாட்ட. அதையும் கொன்னுட்டுத்தேன் வருவ."

அவன் முகம் வெளுத்தது. இன்டர்னல் மார்க் முழுக்க சார் கையில். என்னையும் இழுத்துக்கொண்டு சார் அறைக்கு ஓடினான்.

"நாந்தேன் சார் கொன்னேன்!"

சார் அவசரமாகக் கதவைச் சாத்தினார்.

"கத்தாதப்பா. போன மாசம் லேப்லயும் நீ இப்படித்தானே கொன்ன? அதுக்குத்தேன் உன்னயக் கூப்டேன். நான் இன்னும் கொஸ்டின் பேப்பரே ரெடி பண்ணல."

கிளம்பும்போது, "அடுத்த வாரம் லீவு கீவு போட்றாத, அப்பு" என்றார்.