தொட்டியில் ஊறிய பலகை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்ன நாக்கு அழுகட்டும். செலஸ்டின் வாழைநாரைப் பிசினில் தோய்த்துப் படகுப் பலகை செய்திருந்தாள். சோதனை அதிகாரி குருபரன் கையெழுத்துப் போடாமல் அவள் படகு கடலில் இறங்காது.

"கண்ணாடி நாருன்னா போடுவேன். இது தண்ணியில அழுகிரும்மா."

"ஊறப்போட்டுத்தான் பாருங்களேன் சார்!"

மேசைமேல் கிடந்த பலகைகளில் ஒன்றை அவரே எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். மறுநாள் பலகை குருத்து விட்டிருந்தது. மதியத்துக்குள் குலையும் தள்ளிவிட்டது. குருபரன் ஒரு பழத்தை உரித்துத் தின்றபடி, "தண்ணி குடிச்சு எடை கூடிருச்சேம்மா" என்று இழுத்தார்.

செலஸ்டின் இடுப்பில் கைவைத்து நின்றாள். "குலையை அறுத்துட்டு நிறுங்க சார்."

நிறுத்தார். குன்றிமணி எடைகூட ஏறியிருக்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அவர் தொட்டியில் போட்டிருந்தது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்த கண்ணாடிநார்ப் பலகை.