பேணி விளக்கு

மீன் மணம் போகும்வரை தகரப்பேணிகளைக் கழுவ வேண்டும் என்பது கலீனாவின் கட்டளை.

முதல் தடவை அனுப்பிய பேணிகளில் துனா மணம் ஒட்டிக்கொண்டிருந்ததாம். அந்தப் பக்கத்து எலியெல்லாம் அவளுடைய மகன் அந்திரியின் பதுங்குகுழிக்குக் குடிவந்துவிட்டதாம். உக்ரேன் யுத்தத்தில் எலிகளுக்கு விருந்து வைத்த ஒரே ஆள் பவுல்தான் என்று அவள் இன்றைக்கும் பகிடி பண்ணினாள்.

பகிடி பண்ணினாலும் அவளுடைய கண் மேசையில் கிடந்த போனை விட்டு எடுபடவில்லை. போன ஞாயிறு அந்திரி எடுக்கவில்லை. அதற்கு முந்தின ஞாயிறும் இல்லை.

பவுல் இத்தாலியில், வியா மக்வேதா தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிறவன். கடை எறிகிற தகரப்பேணிகளைச் சேர்ப்பது அவன் பொறுப்பு. மெழுகு அவன் மனைவி அகஸ்ரீனாவின் பொறுப்பு. சாந்தா றொசாலியாவின் மலைக்கோயிலில் எரிந்து முடிந்த மெழுகுதிரிகளின் அடிக்கட்டைகளைச் சுரண்டிப் பையில் கட்டிக்கொண்டு இறங்கி வருவாள். கலீனா ஒரு கிழவியை வீட்டோடு நின்று பார்க்கிறவள். அவளுக்கென்று ஒரு அடுப்பு இல்லை. அதனால் ஞாயிறு பின்னேரங்களில் கபோ சந்தைப் பக்கத்தில் இவர்களுடைய குசினிக்கு வந்துவிடுவாள்.

பெட்டி மட்டையை நாடாவாக வெட்டிச் சுருட்டிப் பேணிக்குள் இறுக்கி, உருக்கின மெழுகை ஊற்றிவிட்டால் சரி. பதுங்குகுழியில் விளக்கும் அதுதான், அடுப்பும் அதுதான்.

கடைசிப் பெட்டியை அனுப்பின கிழமை மலையில் கட்டைகள் போதவில்லை. பவுல் காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது சில பேணிகள் பாதி வெறுமையாகத்தான் இருந்தன. திரும்பி வந்தபோது எல்லாம் நிறைந்து, பெட்டி ஒட்டுப்பட்டு, உக்ரேனுக்குப் போகிற வான் வண்டியில் ஏற்ற வாசலில் இருந்தது. அலுப்பில் அவன் ஒன்றும் கேட்கவில்லை.

போன் அடித்தது.

கலீனா மெழுகுக் கையோடேயே அமத்தினாள்.

தாடியும் சேறுமாக ஒரு முகம். கலீனா அழுவாள் என்று பவுல் நினைத்தான். அவள் வாய் ஓயாமல் ஏசினாள். பெடியன் சிரித்துக்கொண்டு ஏச்சு முழுவதையும் வாங்கினான். பிறகு, தான் இருக்கிற வீட்டைப் பார் என்பதுபோல போனைத் திருப்பினான்.

பவுல் கையில் இருந்த பேணியை வைத்துவிட்டுக் கிட்டப் போனான்.

அவனுக்கும் ஒரு பெடியன் இருந்தான். இருக்கிறான் என்பாள் அகஸ்ரீனா. மன்னாரில், பத்தொன்பது வயதில் போர்முனைக் காவலரணுக்குப் போய்த் திரும்பாத விமலராஜுக்கு செத்தவர்களுக்கான ஆத்தும பூசை ஒன்று கொடுக்க அவள் இன்றுவரை விடவில்லை. ஒருமுறை பவுல் புட்டுப் பார்சலோடு தேடிப் போனான். றோட்டிலேயே பார்சலை வாங்கிக்கொண்டு ஆளைத் திருப்பிவிட்டார்கள். எதன்மேல் படுக்கிறான், மழைக்கு என்ன செய்கிறான், ஈரக்காலை எங்கே வைக்கிறான் என்று வழிநெடுக யோசித்துக்கொண்டு வந்தவன், இன்னும் யோசித்து முடியவில்லை.

இப்போது கண்ணுக்கு முன்னால் விரிந்தது.

மண்சுவரில் மண்வெட்டி விழுந்த தடம் மீன்செதில் மாதிரி வரிவரியாகத் தெரிந்தது. வெட்டுப்பட்ட வேர் ஒன்றில் கோப்பை தொங்கியது. எலிக்கு எட்டாமல் பாண் ரொட்டியைக் கம்பியில் கட்டியிருந்தார்கள். பலகைக்குக் கீழே தண்ணீர். பலகைக்கு மேலே ஒருவன் சப்பாத்தோடு நித்திரை. சுவரில் குத்தியிருந்த பல்துலக்கிகள் ஐந்தும் வரிசை தப்பாமல் நின்றன.

பவுல் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினான். ஏன் கழற்றினான் என்று அவனுக்கே தெரியாது.

நடுவில் ஒரு பேணி எரிந்துகொண்டிருந்தது. மேலே தேத்தண்ணிக்குக் கொதிநீர். சுற்றிவர ஈரக்காலுறைகள். பேணியின் விளிம்பில் இருந்த நெளிவைப் பவுல் கண்டுபிடித்தான். அவன் தவறவிட்டு நெளித்த பேணி. அவன் கழுவின பேணி, மண்ணுக்குள் போயிருந்து ஐந்து பேருக்கு வெளிச்சம் காட்டுகிறது.

அந்திரி போனைச் சரித்தான். பேணிக்குள் உருகி நின்ற மெழுகு தெரிந்தது.

நீலம்.

மலையில் இருந்து அகஸ்ரீனா கொண்டுவருகிறது வெள்ளையும் சிவப்பும்.

நீலத்திரி ஒன்று எங்கே இருக்கிறது என்று பவுலுக்குத் தெரியும். படுக்கை அறை அலுமாரிக்குப் பின்னால், விரிப்புச் சுற்றி நிமிர்த்தி வைத்தபடி. விமலராஜ் போன காலையில் அகஸ்ரீனா அவனை நிற்கவைத்து உச்சியில் இருந்து உள்ளங்கால்வரை ஒரு நூல் அளந்தாள். கடல் கடந்து வரும்போது அந்த நூலைத்தான் மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். அதே உயரத்துக்கு, மடுமாதாவின் நீலத்தில், இங்கே ஒரு திரிக்காரனைப் பிடித்து வார்ப்பித்தாள். பெடியன் வந்து நிற்கிற நாளில் கொளுத்துவதாக நேர்த்தி. அதுவரை பவுல்கூட அதில் கை வைக்கக்கூடாது.

அந்திரி தாயிடம் என்னவோ கேட்டான். கலீனா திரும்பி அதை இத்தாலியனில் சொன்னாள். இந்த நீலம் மற்றதுகளைவிடக் கனநேரம் நின்று எரிகிறதாம். எல்லாரும் இதில்தான் கால் காயவைக்கிறார்களாம். இன்னும் இருக்கிறதா என்று கேட்கிறானாம்.

பவுல் மனைவியைப் பார்த்தான். அவள் திரையில் ஆவி பறந்த காலுறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“முழங்கால் வரைக்கும்தான் வெட்டினனான்,” என்றாள் தமிழில், திரும்பாமலே. “மேலை மிச்சம் இருக்கெண்டு சொல்லுங்கோ.”

பவுல் கலீனாவுக்குப் பின்பாதியை மட்டும் சொன்னான்.