ஒரு மிதி என்றால் அருமை

மேசைக்கு அடியில் மாமனார் என் காலை ஒருமுறை மிதித்தார்.

ஒரு மிதி என்றால் அருமை. இரண்டு என்றால் பரவாயில்லை. மூன்று என்றால் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடலாம்.

"அருமை" என்றேன்.

கடைக்காரர் எங்கள் எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தைப் பார்த்த புதுக் கடை. திறந்து ஒன்பது நாள். ஆறு மேசைகளில் ஐந்து காலி. ஐந்திலும் பூ வைத்திருந்தார்.

"நீங்க பாட்டுக்குச் சாப்பிடுங்க சார். நான் இங்க இல்லன்னு நெனச்சுக்குங்க" என்று சொல்லியிருந்தார். மீன் சூப் கிண்ணத்திலிருந்து என் வாய்க்குக் கரண்டி போகும் வழியெல்லாம் கண்ணாலேயே கூட வந்தார்.

ஞாயிறுதோறும் எங்கள் பத்திரிகையில் ஒரு முழுப் பக்கம் எழுதுகிறேன். இந்தச் சின்னக் கடற்கரை நகரத்துக்கு வருகிறவர்கள் எதைப் பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம். பார்ப்பதில் பிரச்சினை இல்லை. கலங்கரை விளக்கத்தில் உப்பு சரியாக இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

சாப்பாட்டில்தான் சிக்கல்.

மனைவி இறந்து பதினோரு மாதம். அன்றிலிருந்து என் நாக்குக்கு எதுவும் தெரிவதில்லை. டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், டார்ச் அடித்துப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

மாமனாரிடம் மட்டும் சொன்னேன். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் சரக்கு எடை பார்த்தவர். யாருக்காகவும் ஒரு கிலோ கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை என்று பெயர். "நான் கூட வரேன் மாப்ள" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

மிதியில் ஒரு குறை உண்டு. நன்றாக இருக்கிறதா என்று தெரியும். என்னவென்று தெரியாது. போன மாதம் நான் எலுமிச்சை என்று புகழ்ந்த ஐஸ்கிரீம், இஞ்சி. பதினான்கு வாசகர்கள் கடிதம் போட்டார்கள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் பக்கத்தை விளையாட்டுச் செய்தி எழுதுகிறவரிடம் கொடுத்துவிடுவேன் என்றார் ஆசிரியர்.

அந்தப் பக்கமும் போய்விட்டால், வாரத்தில் ஒரு நாள்கூட நான் சட்டை மாற்ற வேண்டியிருக்காது.

"அருமைன்னா எப்படி சார்?" கடைக்காரர் விடவில்லை.

"ஆழம் இருக்கு" என்றேன்.

இப்படிப்பட்ட சொற்கள் ஒரு டஜன் கைவசம் உண்டு. ஆழம், நேர்மை, நிதானம். எதற்கும் பொருந்தும். இரங்கல் செய்திக்கும்.

அவர் முகம் மலர்ந்தது. சமையலறைப் பக்கம் திரும்பி, "கேட்டியா, ஆழமாம்" என்றார். உள்ளே பாத்திரச் சத்தம் ஒரு நொடி மரியாதையாக நின்றது. சந்தோஷம் தாங்காமல் பெரிய கிண்ணத்திலிருந்து தானும் ஒரு கரண்டி எடுத்துக் குடித்தார்.

விழுங்கவில்லை. தோளில் கிடந்த துணியில் துப்பினார்.

"சார்" என்றார். "இது சர்க்கரை. உப்புன்னு நெனச்சு சர்க்கரைய அள்ளிப் போட்டிருக்கா."

"டப்பாவக் கழுவி மூடிய மாத்திப் போட்டது யாரு?" உள்ளிருந்து அவர் மனைவியின் குரல். "நானா?"

என் பக்கம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில், என் படம் இருக்கும் மூலையில், விளையாட்டுச் செய்திக்காரர் பல் தெரியச் சிரிப்பது எனக்குத் தெரிந்தது.

மாமனார் கிண்ணத்தைச் சாய்த்து, அடியில் இருந்ததை வழித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் அதைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"எம்மனசு நோகக் கூடாதுன்னு பெரியவர் மிச்சம் வெக்காம குடிச்சிருக்காரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "இதை எழுதிடாதீங்க சார். நானும் வெளிய மூச்சு விட மாட்டேன்."

எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அவர் புது சூப் கொண்டுவர ஓடினார்.

"மாமா" என்றேன். "அது சர்க்கரை."

"அப்படியா?"

கரண்டியைக் கீழே வைத்தார். ஜன்னல் வழியாகப் படகுத்துறையைப் பார்த்தார்.

"எனக்கும் அன்னைலேர்ந்துதான் மாப்ள."

"அப்ப இத்தனை மாசமா மிதிச்சீங்களே?"

"நீங்க எழுத ஏதாவது வேணுமில்ல."

"எதைப் பாத்து மிதிச்சீங்க?"

"கடைக்காரன் மூஞ்சியத்தான். பாவமா இருந்தா ஒண்ணு. அலட்டிக்கிட்டா மூணு."

நகரத்தின் சிறந்த பத்து உணவகங்கள் என்று நான் போட்ட பட்டியலைச் சுற்றுலா அலுவலகத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். கப்பலில் வந்து இறங்குகிறவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டுதான் ஊருக்குள் நடக்கிறார்கள்.

நகரத்தின் பாவப்பட்ட பத்து முகங்கள்.

முதலில் அவருக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கு. சமையலறைக்குக் கேட்கக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டோம். மேசை ஆடியது.

"அத்தைகிட்ட சொல்லிடாதீங்க" என்றார், கண்ணைத் துடைத்தபடி. "நல்லாருக்கு நல்லாருக்குன்னு தினம் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுட்டிருக்கேன்."

"நானும்தான் மாமா."

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு நின்றது.

நான் இன்னும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். அத்தை சமைத்து முடித்து, எங்களோடு உட்கார்ந்து, அதையேதான் சாப்பிடுகிறார். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. உப்பு போதுமா என்று, இந்தப் பதினோரு மாதத்தில், ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.